உப்பு ஜாடியில் தீட்டிய கத்தி

என் மனைவியின் அண்ணனை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், கடைசியில் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வோம் என்று படிக்கிறவர்கள் காத்திருப்பீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

கல்யாணத்தன்றே ஆரம்பித்தது அது. தாலியைக் கையில் வாங்கியவன், தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஆடியது. கொக்கி விட்டால் நேரே எங்கள் மேல்தான். பெண் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டே இருக்கிறார், நான் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மச்சான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திருப்பத்தூர் ரூட்டில் கடைசி சீட்டு வரை கேட்கிற குரல்.

"மாப்ள, காத்தாடி விழாது. தாலியக் கட்டுங்க, அடுத்த முகூர்த்தம் வெளிய நிக்குது!"

மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து அவர்கள் ஊரான கீழச்சிவல்பட்டியில் எனக்குக் காத்தாடி மாப்பிள்ளை என்று பெயர். விசிறி ஆடியது உண்மை. அதை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்குப் பயம் அதிகம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். எட்டாவதில் கணக்குப் பரீட்சையை நினைத்து விடிய விடிய வாந்தி எடுத்து, பள்ளிக்கூடம் போகாமலே நின்றுவிட்டவன். அதன் பிறகு காரைக்குடியில் ஒரு மாவு மில்லில் சேர்ந்தேன். அங்கேயும் பெல்ட் அறுந்து வீசினால் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து, அந்தப் பக்கம் நிற்க மாட்டேன். அப்படி நின்றிருந்த ஒருவருக்குக் கை போனது. எனக்கு இரண்டு கையும் இருக்கிறது. பயந்தவன் என்று சிரிப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஊர்ச் சுவரெல்லாம் எய்ட்ஸ் என்று எழுதிப் போட்டார்கள். ஊசியால் வரும், ரத்தத்தால் வரும் என்று பெரிய சிவப்பு எழுத்து. மில்லுக்குப் போகிற வழியில் அப்படி ஒரு சுவர் இருந்தது. தினமும் படிப்பேன். படித்து முடித்த பிறகும் மில் வாசல் வரை அதுதான் மனசில் ஓடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துகொள்ள சலூனில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கக் கன்னம் முடிந்தது. சலூன்காரர் கத்தியைத் தன் கால்சட்டையில் இப்படியும் அப்படியும் துடைத்தார். அதே இடத்தில் ஏற்கனவே ஒரு செம்புள்ளி இருந்தது. வெற்றிலைச் சாறாகக்கூட இருந்திருக்கலாம்.

"கத்தியக் கழுவுனீங்களா?" என்றேன்.

"கழுவுனது கழுவாததுன்னு ரெண்டு கத்தியா வச்சிருக்கேன்? காலைலேர்ந்து இதே கத்திதான். எல்லாரும் உசுரோடதான் வீட்டுக்குப் போயிருக்காங்க."

துண்டை உருவிப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பாதி முகம் வழித்தது, பாதி முகம் நுரை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு சலூனில் நுழைந்தேன். அங்கிருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசலைக் காட்டினார்.

"ஒருத்தர் தொட்ட முகத்த இன்னொருத்தர் முடிக்க மாட்டோம். ஆரம்பிச்சவர்ட்டயே போங்க."

"அவரோட சண்டையாகிப் போச்சு."

"அது உங்களுக்கும் அவருக்கும். எங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருக்குல்ல?"

அரை முகத்தோடு கல்லுக்கட்டிக் கடைத்தெரு வழியாக நடந்தேன். அந்த நேரம் பார்த்து மச்சானின் பஸ் வந்தது. படியில் தொங்கிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். பஸ் நகர நகரக் கத்தினார்.

"மாப்ள! மீதி மூஞ்சி எங்க? வழியில விழுந்துருச்சா?"

ஜன்னலோரத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. இதை நான் மறக்கவில்லை. மறக்கக் கூடாது என்றே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். என் அப்பா மலாயாவில் ஒரு செட்டியார் கடையில் சமையல்காரராக இருந்தவர். திரும்பி வந்தபோது அவர் கொண்டுவந்ததில் உருப்படியாக மிஞ்சியது ஒரு சவரக்கத்தி. மடக்கினால் கறுப்புப் பிடிக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அலகில் துருப் புள்ளிகள். அதை வைத்து மீதிக் கன்னத்தை வழித்தேன். வழித்தேன் என்பது மரியாதைக்கு. பிடுங்கினேன் என்பதுதான் சரி. முகம் முழுக்க ரத்தப் பொட்டு. ஆனால் எல்லாம் என் ரத்தம். அந்த ஒன்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் இருந்த சாமான் ஒன்றையும் நான் விட்டுவைக்கவில்லை. முதலில் அம்மிக்கல்லில் தேய்த்தேன். கத்தி வாயில் அரிசி நொய் மாதிரி பல் விழுந்தது. தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் ஒன்று உடைந்து கொல்லையில் கிடந்தது; அதில் தேய்த்தால் கத்தி ஏறவில்லை, கல்லின் பச்சைச் சாயம்தான் அலகில் ஏறியது. பிறகு பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். பீங்கானுக்கு உடம்பெல்லாம் வழவழப்பு இருந்தாலும், அடியில் தரையில் உட்காருகிற வட்டத்துக்கு மட்டும் மெருகு கிடையாது. விரலால் தடவினால் மிக மெல்லிய சொரசொரப்பு தெரியும். தண்ணீர் விட்டு, கத்தியின் முதுகும் வாயும் ஒன்றாகப் படுகிற மாதிரி படுக்கவைத்து, வாய் முன்னே போக இழுத்தேன். வட்டத்தில் கருங்கோடு விழுந்தது. இரும்பு தேய்கிறது என்று அர்த்தம். கத்தி ஏறியது.

அடுத்தது மெருகு. மில்லில் கழித்துப்போட்ட பெல்ட் துண்டு ஒன்றை வாசல் கொக்கியில் மாட்டினேன். பல் விளக்க வைத்திருந்த உமிக்கரியை என் மனைவியின் பழைய நூல் சேலைத் துணியில் சலித்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து, பெல்டின் ஒரு பக்கம் பூசினேன். மறுபக்கம் வெறும் பெல்ட். இங்கே முதுகு முன்னே போக வேண்டும். வாய் பின்னால் இழுபட்டு வர வேண்டும். மறந்து திருப்பி இழுத்தால் பெல்ட் அறுபடும், தீட்டியதெல்லாம் வீண். கடைசியாகப் பழைய பேப்பரை நாலாக மடித்து அதில் சில இழுப்பு. பிறகு என் தலையில் ஒரு முடியைப் பிடுங்கி, கத்தி வாயில் தொங்கவிட்டுப் பார்ப்பேன். தொட்ட மாத்திரத்தில் துண்டாகி விழுந்தால் சரி.

என் மனைவிக்கு இதெல்லாம் ஆகவில்லை.

"பல்லு விளக்கக் கரி இல்ல. கத்திக்கு மட்டும் எண்ணெ போட்டுக் குழைக்கிறீக. அது என்ன உங்களுக்குப் பொறந்ததா?"

"சும்மா கெடக்குறததானே எடுக்குறேன்."

"என் சேல சும்மா கெடந்துச்சா? ஏங்க, மனுசன் காலைல எந்திரிச்சா சாமியப் பாப்பாக. நீங்க முடியப் பிடுங்கிப் பாக்குறீக. இப்பவே முன்னால ஒண்ணும் இல்ல."

எங்கள் மகளுக்குக் குலதெய்வக் கோவிலில் முடி இறக்க நாள் பார்த்தபோதுதான் விஷயம் பெரிதானது. கோவில் கண்டரமாணிக்கத்துக்கு அங்குட்டு, பொட்டலில் இருக்கிறது. போன வருஷம் பங்காளி வீட்டுக் குழந்தைக்கு முடி இறக்கியபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். முடி இறக்குகிறவர் ஒரு குவளைத் தண்ணீர், ஒரு கத்தி, வரிசையாகத் தலைகள் என்று வைத்திருந்தார். ஒரு கிழவர் தலையில் கீறல்பட்டு ரத்தம் வந்தது. கத்தியைக் குவளையில் முக்கினார். அடுத்த தலைக்குப் போனார். அந்தத் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. யாரும் எதையும் பார்ப்பதில்லை.

என் மகளின் தலையில் அப்பாவின் கத்தியைத் தவிர வேறு எதுவும் படக் கூடாது என்று முடிவு செய்தேன்.

"புது பிளேடு ஒண்ணு வாங்கிட்டுப் போவோம். இப்ப பிளேடு மாட்டுற கத்தியெல்லாம் வந்துருச்சுல்ல," என்றாள் மனைவி.

"பிளேடுக்கு மூல இருக்கு. பச்சத் தலை. குத்துச்சுன்னா?"

"ஊர்ல உள்ள புள்ளைக எல்லாம் மூல குத்தியா செத்துச்சு?"

கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்னும் நன்றாகத் தீட்ட வேண்டும் என்று பட்டது. குழந்தையின் முடி பூனை முடி மாதிரி. அதை அறுக்க என் தாடியை அறுக்கிற கூர் போதாது. கோப்பையின் அடி வட்டம் சின்னது. அலகு முழுசும் ஒரே இழுப்பில் படவில்லை. பெரிய வட்டம் வேண்டியிருந்தது.

வீட்டில் பெரிய வட்டம் ஒன்றுதான் இருந்தது. மனைவிக்குப் பிறந்த வீட்டில் சீராக வந்த ஜாடி. மேலே காப்பி நிறம், கீழே வெள்ளை. எங்கள் பக்கத்தில் சீரில் எத்தனை பித்தளை, எவர்சில்வர் வந்தாலும், முதலில் வீட்டுக்குள் வருவது உப்பு ஜாடி. பெண்ணின் அண்ணன் கல் உப்பை நிரப்பித் தோளில் தூக்கிவந்து அடுப்படியில் வைப்பார். அதில் உப்பு குறையக் குறையப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வழித்து எடுத்துக் காலியாக்கக் கூடாது. கவிழ்க்கவே கூடாது. கவிழ்த்தால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லை என்று சொன்ன மாதிரி.

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஒரு ஜாடிக்கும் ஒரு குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. விசிறி விழும் என்று பயந்தவன் ஜாடியைக் கவிழ்க்கப் பயப்படவில்லையே என்று மச்சான் பின்னால் கேட்டார். விசிறிக்குக் கொக்கி உண்டு. கொக்கி தேயும். ஜாடியில் தேய்வதற்கு என்ன இருக்கிறது?

மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்த நேரம் அது. உப்பை ஒரு தாம்பாளத்தில் கொட்டினேன். ஜாடியைக் கவிழ்த்து, முற்றத்தில் ஒரு பலகையில் வைத்து, அடி வட்டத்தில் தண்ணீர் தெளித்தேன். அகலமான வட்டம். அலகு முழுசும் படுத்து உட்கார்ந்தது. அந்தச் சத்தமே வேறு. கோப்பையில் கீச்சென்று வரும்; இதில் மெதுவாகப் பட்டு கிழிகிற மாதிரி வந்தது. நான் தலை நிமிரவில்லை.

"யாரும் இல்லையா வீட்டுல?"

மச்சான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முடி இறக்குகிற அன்றைக்கு எந்த பஸ்ஸில் வருவது என்று பேசிவிட்டுப் போக வந்திருக்கிறார். முற்றத்துப் படியில் நின்று பார்த்தார். தாம்பாளத்தில் உப்பு, கவிழ்ந்த ஜாடி, அதன் அடியில் கருங்கோடு, என் கையில் கத்தி.

குனிந்து, ஜாடியின் பக்கம் விரலை நீட்டினார்.

"இது எங்க வீட்டு ஜாடில்ல?" என்றார்.

"ஆமா மச்சான். அடி மட்டுந்தான். உள்ள ஒண்ணும் ஆகல."

"நான் தூக்கிட்டு வந்த ஜாடி. தோள்ல வச்சு. உப்போட."

"புள்ளைக்காகத்தான் மச்சான். கத்தி நல்லா..."

"என் தங்கச்சி உப்பக் கொட்டிப்புட்டு அதுல கத்தி தீட்டுறீக. யார அறுக்க, மாப்ள? எங்களயா?"

"மச்சான், அப்புடியெல்லாம் இல்ல. உக்காருங்க, ஒரு வாய் தண்ணி..."

"தண்ணியா? அதையும் எதுலயாவது கவுத்துத்தான வச்சிருப்பீக?" வாழைப்பழத்தைப் படியில் வைத்தார். "நல்லாத் தீட்டுங்க. ஆனா ஒண்ணு. அந்தக் கத்தி வர்ற எடத்துக்கு என் மடி வராது. உங்க புள்ளைக்குக் காத்தாடியப் பாத்து ஒரு தாய்மாமன் தேடிக்கங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். என் மனைவி தெருமுனையில் அவரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். நிற்கவில்லையாம்.

தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் வீட்டில் எந்தக் குழந்தைக்கும் முடி இறக்கியது கிடையாது. மாமன் மடி கிடைக்காத குழந்தை என்று ஒரு பேச்சு வந்துவிட்டால், அது அந்தப் பெண் கல்யாணமாகிப் போகிற வரை கூடவே வரும். மனைவி அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. உப்பைத் தாம்பாளத்தோடு எடுத்து ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டாள். ஜாடியைக் கழுவி, புளி போட்டுத் தேய்த்தாள். கருங்கோடு போகவில்லை. சாம்பல் போட்டாள். போகவில்லை. ஜாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டாள். குழம்பு வைத்தாள், அதில் உப்பு மட்டும் இருக்காது. கேட்டால் தூக்கை என் பக்கம் தள்ளுவாள்.

கடைசியில் அவளே பிறந்த வீட்டுக்குப் போய் அழுதாள். அவர் வருவதாகச் சொல்லி அனுப்பினார். வருகிறார், ஆனால் அங்கு வந்துதான் ஒன்று சொல்வாராம். அது என்னவாக இருக்கும் என்று மில்லிலும் யோசித்தேன், வீட்டிலும் யோசித்தேன். கத்தியை மட்டும் தீட்டிக்கொண்டே இருந்தேன். ஜாடியில் இல்லை; பெல்டிலும் பேப்பரிலும்.

கோவிலுக்கு நாங்கள் முதலில் போய்ச் சேர்ந்தோம். முடி இறக்குகிறவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அதே ஆள், அதே குவளை. கத்தியைக் காட்டி, இதால் செய்ய வேண்டும் என்றேன். வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"வீட்டுக் கத்தியா?"

"ஆமா. வேற யாரு மேலயும் பட்டது இல்ல. நானேதான் தீட்டுனேன்."

"எதுல?"

"பெல்ட்டுல," என்றேன். மனைவி எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

"என் கத்திக்கு என்ன கொறச்சல்ங்குறீக? உங்க பாட்டன் தலையும் எங்க கையிலதான் எறங்குச்சு," என்று முறைத்தார். பிறகு, "உங்க புள்ள, உங்க கத்தி. கிழிச்சா என்னயக் கேக்கக் கூடாது," என்று கையை நீட்டினார்.

அப்போதுதான் மச்சான் வந்தார். வேட்டி, புதுத் துண்டு, கையில் குழந்தைக்குக் கொலுசு டப்பா. முகத்தில் பல நாள் தாடி. அவர் ஒரு நாள்கூட வழிக்காமல் இருக்கிற ஆள் இல்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் கும்பிடு போட்டார். எனக்கு மட்டும் போடவில்லை. நேரே வந்து, முடி இறக்குகிற பலகையில் உட்கார்ந்துகொண்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றித் துண்டைக் கழுத்தில் சுற்றினார்.

"மாப்ள, கத்தி ரொம்ப நல்லாத் தீட்டியிருக்கீகளாம்ல. எங்க ஜாடியில. நல்லாருக்கான்னு முதல்ல நான் பாக்கணும். எனக்கு வழிச்சு விடுங்க. கீறல் இல்லாம முடிச்சீகன்னா புள்ளைய மடியில வாங்கிக்கிறேன்."

"அவரு எதுக்கு? நான் வழிக்கிறேன்," என்றார் முடி இறக்குகிறவர்.

"நீங்க இல்ல. மாப்ளதான். தீட்டுனவுக கையாலதான் பாக்கணும்."

பங்காளிகள் சிரித்தார்கள். "மில்ல விட்டுட்டு சலூன் வைக்கப் போறாகளா?" என்று யாரோ கேட்டார்கள். மனைவி என்னைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்த பார்வை. செய்யுங்கள் என்று சொல்வது மாதிரியும் இருந்தது, செத்துப்போங்கள் என்று சொல்வது மாதிரியும் இருந்தது.

சோப்பை நுரைக்க வைத்துப் பூசினேன். என்னைத் தவிர யார் முகத்தையும் நான் தொட்டதில்லை. இடது கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்துக் கத்தியை வைத்தேன். இறங்கியது. ஒரு முடிகூட இழுக்கவில்லை. நுரை ஒரு பக்கமாகச் சுருண்டு வர, பின்னால் கன்னம் கழுவிய பீங்கான் மாதிரி வந்தது. கீறல் இல்லாமல் முடித்துவிடுவேன் என்று பட்டது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேச ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்? காத்தாடி ஏதும் ஓடுதா மேல?"

"பேசாதீக மச்சான். கத்தி இருக்கு."

"கத்தி இருக்குறது தெரியும். கை இருக்கான்னுதான் கேக்குறேன்."

"தாடைய ஆட்டாதீக."

"நான் கண்டக்டரு. வாய மூடுனா வண்டி நகராது."

கூட்டம் சிரித்தது. தாடை முடிந்து, கழுத்துக்கு மேலே இருந்தேன். தொண்டைக் குமிழ் ஏறி இறங்குவது கத்திக்குக் கீழே தெரிந்தது. அந்த நேரத்தில் என் மனசில் என்ன ஓடியது என்று எழுத மாட்டேன். நல்லதாக ஒன்றும் ஓடவில்லை. இடது பக்கத்தின் கடைசி இழுப்பு. தாடை எலும்புக்குக் கீழே கத்தி வந்தபோது அவர் முகத்தை வேண்டுமென்றே என் பக்கம் திருப்பினார். நான் சத்தியம் செய்வேன். ஈ வந்து உட்கார்ந்ததற்குத் திருப்பவில்லை, பேச்சுக்குத் திருப்பவில்லை. திருப்பினார்.

ஒரு துளி ரத்தம் குண்டுமணி மாதிரி வந்து நின்றது.

அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில், முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"சரி, கீறல் பட்டுப்போச்சு. அது கெடக்கட்டும். இப்ப சொல்லுங்க மாப்ள. என் ரத்தம் பட்ட கத்தி இது. ஊரான் தொட்ட கத்தியே ஆகாதுன்னு பாதி மூஞ்சியோட நடந்து போனவுகதான நீங்க? இத உங்க புள்ள தலையில வப்பீகளா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாடி வளர்த்துக்கொண்டு வந்தது, பலகையில் உட்கார்ந்தது, பேசிப் பேசி ஆடியது எல்லாம் இதற்குத்தான். வைக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் வைக்க மாட்டேன். அத்தனை நாள் கோப்பையும் ஜாடியும் கரியும் பேப்பருமாக நான் தீட்டியதை, தாடையை ஒரு தடவை திருப்பி ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளேடு பாக்கெட்டை எடுத்து, பிரிக்காத உறையோடு முடி இறக்குகிறவரிடம் நீட்டினார்.

"புதுசு. இதுல எறக்குங்க. மடியில யாரு வச்சுக்கிறதுன்னு அப்பறம் பேசுவோம். கீறல் பட்டுப்போச்சுல்ல, பேச்சுன்னா பேச்சு."

வலது கன்னம் முழுக்க அவருக்கு நுரை இருந்தது.

நான் கத்தியைத் துடைத்தேன். மடக்கினேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"என்ன?" என்றார்.

"புள்ளைய மடியில வாங்குங்க மச்சான். முடி எறங்கட்டும். அப்பறம் மீதிய வழிச்சு விடுறேன்."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை. முடி இறக்குகிறவர் பக்கம் திரும்பினார். "நீங்க முடிச்சு விடுங்க."

முடி இறக்குகிறவர் பிளேடை உறையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"ஒருத்தர் ஆரம்பிச்ச மூஞ்சிய நாங்க தொடுறது இல்ல."

"அவரு என்ன தொழில்காரரா? மில்லுக்காரரு!"

"யாரா இருந்தா என்ன? நான் வழிக்கிறேன்னு முன்னாலயே கேட்டேன். நீங்கதான் மாப்ள கையாலதான்னு சொன்னீக. வழக்கம் வழக்கந்தான். வேணும்னா திருப்பத்தூர்ல கேட்டுப் பாருங்க. அங்கயும் இதத்தான் சொல்வாக."

"மீதி மூஞ்சி எங்கன்னு நீங்கதான மச்சான் கேட்டீக?" என்றேன். சத்தமாகவே சொன்னேன். "இங்குட்டுத்தான் இருக்கு."

இந்தத் தடவை கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது. அரை முகத்தோடு பஸ் ஏறினால் டிரைவர் பார்ப்பார், செக்கர் பார்ப்பார், தினமும் அவரிடம் டிக்கெட் எடுக்கிற ஊரே பார்க்கும். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஜாடியும் இருந்தது, தோளும் இருந்தது, உப்பும் இருந்தது. நான் பார்வையைத் திருப்பவில்லை. குழந்தை மனைவியின் இடுப்பிலிருந்து அவரைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. அது அவர் நுரையைப் பார்த்து நீட்டியதா, மாமனைப் பார்த்து நீட்டியதா, தெரியாது.

"குடு தங்கச்சி," என்றார்.

மடியில் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகு ஒழுங்காகத்தான் பிடித்தார், அதை மறைக்க மாட்டேன். தலையை ஒரு கையால் தாங்கி, கால் உதைக்காமல் தொடைக்குள் அணைத்துப் பிடித்தார். முடி இறக்குகிறவர் பையிலிருந்த பிளேடு கத்தியில் புது பிளேடை மாட்டி, குவளைத் தண்ணீரை என் கண் முன்னாலேயே கொட்டிவிட்டு வேறு தண்ணீர் எடுத்துக்கொண்டார். மூலை குத்தவில்லை. பாதியில் குழந்தை ஒரு கையை மாமனின் சோப்புக் கன்னத்தில் அப்பி, உள்ளங்கையை விரித்துப் பார்த்துச் சிரித்தது. போட்டோக்காரர் அதைத்தான் எடுத்தார். தலைக்குச் சந்தனம் தடவி முடிந்தது.

நான் கத்தியைத் திறந்துகொண்டு நின்றேன். சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை.

"உக்காருங்க மச்சான்."

எழுந்து வேட்டியில் ஒட்டிய முடியைத் தட்டினார். குழந்தையைத் தங்கையிடம் கொடுத்தார். கொலுசு டப்பாவைக் கையில் திணித்தார்.

"உங்க கையால இனிமே எனக்குத் தண்ணிகூட வேணாம்," என்று சொல்லிவிட்டு, துண்டைத் தாடையைச் சுற்றிப் பல்வலிக்காரர் மாதிரி கட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். பந்தியில் உட்காரவில்லை. பொட்டலில் அவர் போவது ரொம்ப தூரம் வரை தெரிந்தது.

"திருப்தியா உங்களுக்கு?" என்றாள் மனைவி. பேச்சு திரும்பி வந்தது இப்படித்தான்.

அந்தக் கத்தியை அதன் பிறகு நான் என் முகத்திலும் வைக்கவில்லை. கொதிக்க வைத்தேன், டெட்டாலில் போட்டேன், வைக்க முடியவில்லை. டிரங்குப் பெட்டிக்கே போய்விட்டது. நானும் பிளேடுக்கு மாறினேன். ஜாடியை மனைவி சுவர்ப் பக்கமிருந்து திருப்பி, மறுபடி உப்பு நிரப்பினாள். அண்ணனைத் தூக்கிவைக்கக் கூப்பிட்டாள். வந்து தூக்கி வைத்தார். நான் மில்லுக்குப் போயிருந்த நேரம் பார்த்து.

அவர் மீதி முகத்தை யாரிடமும் கொடுக்கவில்லை; தானாகவும் வழித்துக்கொள்ளவில்லை. வழித்த பக்கமும் வளர்ந்து மூடுகிற வரை துண்டோடு திரிந்தார் என்று கேள்வி. அதன் பிறகு தாடிதான். பழனிக்கு வேண்டுதல் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டாராம். வேண்டுதல் வருஷக் கணக்கில் முடியவே இல்லை. தாடி இப்போது வெளுத்துவிட்டது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் யாராவது அதைப் பற்றிக் கேட்டால், தாடையின் இடது பக்கத்தைத் தடவிக்கொண்டு, "மாப்ள கத்தி போட்ட எடம், மறைக்கணும்ல," என்பார். நான் எந்த மூலையில் இருந்தாலும், "அவரே திருப்புனாரு," என்பேன். "நீங்க வெட்டுனீக," என்பார். என் மனைவி எங்கள் இருவருக்கும் இலை போடும்போது, நடுவில் இரண்டு பேர் உட்காருகிற அளவு இடம் விட்டுத்தான் போடுவாள்.